தறியும் திரையும்

காஞ்சிபுரம் என்றதும் நம் நினைவில் எழுவன கோபுரங்களும் பட்டுச் சேலைகளுமே. சேலையின் உடலோடு வேற்று நிறக் கரையை இணைத்து நெய்வதைக் கோர்வை என்பர். அதற்கு மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளரின் இரு கைகள் போதா. எனவே கரை நாடாவை எறிய அருகில் ஓர் உதவியாள் அமர்வார். நெடுங்காலம் அவ்விடத்தில் அமர்ந்தவர் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரே. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிறர் தறிக்கு அனுப்பப்பட்டோரும் உண்டு.

குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என 1933-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியிருந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம், துணி நெசவு உள்ளிட்ட சில தொழில்களில் 14 வயது நிரம்பாதோரை அமர்த்தக் கூடாதெனத் தடுத்தது. ஆயினும் குடும்பத்தார் துணையுடன் நடக்கும் தொழிலுக்கு விலக்களித்தது. காஞ்சியில் தறி இருந்ததோ வீட்டுக்குள்! பிறர் பிள்ளையையும் உறவுப் பிள்ளை எனக் கூறித் தப்ப இடமிருந்தது. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு கொத்தடிமைச் சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் காஞ்சித் தறிகள் இடம்பெற்றன. வீட்டுக்குள் நடப்பதாலேயே தீங்கில்லை என்று நாம் நம்பியதன் விலை அது.

இதே நம்பிக்கை வேறு வடிவில் திரும்பி வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறை கைப்பேசி வழியே வீட்டுக்குள் நுழைந்தது. பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது என்று பெற்றோர் அமைதி கொண்டனர். ஆனால் 2021 மே மாதம், இணைய வகுப்பில் முறைகேடாக நடந்ததாகச் சென்னைத் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது எழுந்த புகார் தமிழகத்தையே உலுக்கியது. அடுத்த மாதமே அரசு நெறிமுறைகளை வகுத்தது: இணைய வகுப்புகள் பதிவு செய்யப்பட வேண்டும்; இரு தரப்பும் கண்ணியமாக உடுத்த வேண்டும்; பள்ளிதோறும் பெற்றோரும் இடம்பெறும் பாதுகாப்புக் குழு அமைய வேண்டும். மின்னணு வழியில் குழந்தையைத் தொடர்ந்து பின்தொடர்ந்து தொல்லை தருவதை 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் குற்றமாக்கியுள்ளது.

சட்டம் வாசல்வரை வரும். உள்ளே விழித்திருக்க வேண்டியவர் நாமே. தொல்லைக்குள்ளான பிள்ளை பல வேளைகளில் வாய் திறவாதிருப்பது ஏன்? கைப்பேசி பறிக்கப்படும், பழி தன்மேல் விழும் என்ற அச்சத்தால் அன்றோ? முதலில் அந்த அச்சத்தை நீக்குவோம். கேட்டபின் மூடி மறைக்காது 1098 அல்லது 14417 எண்ணை அழைப்போம். நம் பிள்ளைகள் பள்ளிக் குழுவைக் கேள்வி கேட்க நமக்கு உரிமையுண்டு, கடமையும் உண்டு. தறியடியில் மௌனமாய் அமர்ந்திருந்த பிள்ளைகளை அன்று ஊர் கேட்கவில்லை. திரைமுன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளையேனும் இன்று நாம் கேட்போமாக.