நடந்தே உடைந்த எலும்பு

சிப்பாய்க்குக் கால் உடையணும்னா குண்டு படணும்னு அவசியம் இல்லை. நடந்தாலே போதும்.

1855. பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் ஒரு விநோதமான நோயைப் பற்றி எழுதுகிறார். நீண்ட அணிவகுப்பு முடித்து வரும் சிப்பாய்களுக்குப் பாதம் வீங்குது, வலிக்குது. ஆனா யாரும் கீழே விழவில்லை, அடியும் படவில்லை. தசைநாரின் உறையில் அழற்சி என்று முடிவு செய்தார். கண்ணையும் விரலையும் மட்டும் வச்சுக்கிட்டு வேற என்ன சொல்ல முடியும்?

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். இரண்டே வருஷத்தில், 1897-இல், ஸ்டெக்கோவ் என்பவர் அப்படி வீங்கிய பாதங்களைப் படம் எடுத்துப் பார்த்தார். கால்விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பு உடைந்திருந்தது! நடுவில் போன அந்த 42 வருஷத்தில், எத்தனை பேரை 'நடிக்காதே, நட'ன்னு விரட்டியிருப்பாங்களோ.

ஏன் உடையுது? எலும்பு தன்னைத்தானே புதுப்பிச்சுக்கிட்டே இருக்கும். புதுச் சுமை வந்தா முதலில் பழசைக் கரைக்கும், அப்புறம்தான் புதுசைக் கட்டும். கரைப்பது வேகம், கட்டுவது மெதுவு. அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலவீனமா இருக்கும். பயிற்சி முகாமில் சுமை ஏறிக்கிட்டே போறதும் சரியா அந்த வாரங்களில்தான்.

இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது இஸ்ரேல் ராணுவம். 1983-இல் 295 புதிய காலாட்படை வீரர்களைப் பயிற்சி முழுக்கக் கண்காணித்தார்கள். 31 சதவீதம் பேருக்கு இந்த முறிவு. அதாவது மூணுல ஒருத்தர், எதிரியைப் பார்க்கும் முன்னாடியே!

அடுத்த 25 வருஷம் பல வழிகளை முயன்றார்கள். வேற ஷூ, ஷூவுக்குள்ள வைக்கிற தாங்கி, எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகூட. மாத்திரை கைகொடுக்கவில்லை. கடைசியில் பலன் தந்தது ரெண்டு விஷயம்: ராத்திரி குறைந்தது 6 மணி நேரத் தூக்கம் கட்டாயம், மொத்த அணிவகுப்புத் தூரத்தில் ஒரு வெட்டு. முறிவு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. தூங்க விடுறது சோம்பேறித்தனம்னு நினைக்கிற மேலதிகாரிகளை இதுக்குச் சம்மதிக்க வைக்கிறதுதான் பெரிய வேலையா இருந்திருக்கும்னு என் ஊகம்.

இன்னொன்னும் தெரிஞ்சது. ராணுவத்துக்கு வரும் முன் ரெண்டு வருஷமாவது பந்து விளையாட்டு, முக்கியமா பேஸ்கட்பால், விளையாடினவங்களுக்கு முறிவு கம்மி. முன்கூட்டியே ஓடிப் பழகினவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.