பட்டறையும் பள்ளியும்: தமிழக மோட்டார் தொழிலில் கைத்திறன் பயிற்சியின் வரலாறு

மோட்டார் தொழிலுக்கான கைகள் இரண்டு இடங்களில் பழகுகின்றன: வேலை நடக்கும் பட்டறையிலும் பாடம் நடக்கும் பள்ளியிலும். தமிழகத்தில் இவ்விரண்டும் ஒட்டியும் விலகியும் வந்திருக்கின்றன. அந்த உறவின் பழைய வேர் ஒன்று, மலை ரயிலில் ஊட்டிக்கு முந்தைய நிலையமான லவ்டேலில் இருக்கிறது.

லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858இல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான காப்பகமாகத் தொடங்கியது. 1870களின் தொடக்கத்தில் சென்னையின் இராணுவ ஆண் அனாதை இல்லமும் அதனுடன் இணைக்கப்பட்டது. தொழிற்கல்வி வரலாற்றில் அந்த இல்லத்துக்குத் தனி இடம் உண்டு. 1789இல் அதன் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவனைக் கொண்டே இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துக்குப் போய் உலகெங்கும் பரவியது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளையின் வேலைதான் அது. பட்டறையில் மூத்த தொழிலாளி பக்கத்தில் எடுபிடியாக நின்று கற்பதும் இதே வழிதான். இல்லத்துச் சிறுவர்களைக் கொண்டு மைக்கேல் டாப்பிங் 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கினார்; கிண்டி பொறியியல் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. இல்லத்தின் அச்சகம் லாரன்ஸ் அசைலம் பிரஸ் என்ற பெயரில் நெடுங்காலம் நடந்தது. கற்கும் இடத்துக்குச் சொந்தமாக ஒரு தொழிற்கூடம் இருப்பது அன்றே பழகிய ஏற்பாடு.

மோட்டார் தொழில் வந்தபோது அதற்கு ஆள் கொடுத்தது பள்ளி அல்ல, குதிரை வண்டிப் பட்டறை. 1840இல் சென்னையில் தொடங்கிய சிம்சன் நிறுவனம் கோச்சு வண்டிகள் செய்துவந்தது. அங்கே சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். வண்டிக் கூடு கட்டிய தச்சர், பட்டை அடித்த கொல்லர், இருக்கை தைத்த தோல் தொழிலாளர், வண்ணம் பூசியவர் ஆகியோரின் கைப்பழக்கமே பின்னர் பஸ் ‘பாடி’ கட்டும் தொழிலுக்கு அடித்தளமானது. இன்றும் கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டும் கூடங்களில் பெரும்பாலோர் பார்த்துப் பார்த்தே பழகியவர்கள். அந்தத் திறமைக்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் அது குறைந்த திறமை ஆகிவிடாது.

பட்டறைக்குள் பள்ளியைக் கொண்டுவரும் முயற்சி கோயம்புத்தூரில் அழுத்தமாக நடந்தது. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், பின்னால் வந்த பாலிடெக்னிக்கோடும் கல்லூரியோடும் சேர்ந்து வளர்ந்தது. சந்தைக்குப் போகும் பொருளைச் செய்யும் இடமே மாணவர் கை பழகும் இடமும் ஆனது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொடங்கிய ஜி.டி. நாயுடு இன்னும் துணிந்த கேள்வியைக் கேட்டார். 1945இல் அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் அமைந்த பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக இருந்த அவர், நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம் என்றும், முறையாகச் சொல்லிக்கொடுத்தால் குறைந்த காலமே போதும் என்றும் வாதாடினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். அந்தக் கல்லூரி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வேறிடத்தில் இயங்குகிறது. பீளமேட்டில் ‘ஹோப்ஸ் காலேஜ்’ என்ற பஸ் நிறுத்தப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எவ்வளவு காலத்தில் ஒரு கை பழகும் என்று அவர் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் தேவையே மாறியது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு கார்களும் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் வந்தன. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டுவதற்கு நல்ல மெக்கானிக்குகள் போதும். ஆனால் 1953இல் மத்திய அரசு, பாகங்களை உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்ற கொள்கைக்கு வந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. தங்கியவர்களுக்கு டர்னர், மெஷினிஸ்ட், வார்ப்படத் தொழிலாளி, டூல் மேக்கர் எல்லாம் ஒரே நேரத்தில் தேவைப்பட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் பாடியிலும் சுற்றுப்புறத்திலும் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என உதிரிபாக ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன.

இந்தத் தேவைக்கு ஈடுகொடுத்தவை 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் அதன்கீழ் வளர்ந்த தொழிற்பயிற்சி நிலையங்களான ஐ.டி.ஐ.க்களும். ஐ.டி.ஐ. முடித்தவனை ஆலைக்குள் கொண்டுசேர்த்தது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். இத்தனை தொழிலாளிக்கு இத்தனை பழகுநர் என்று எடுத்தே ஆகவேண்டும் என முதலாளிக்குக் கடமை விதித்து, பட்டறையையும் பள்ளியையும் முதன்முதலாகச் சட்டத்தால் பிணைத்தது அதுதான். ‘அப்ரெண்டிஸ் முடித்தவர்’ என்ற சொல் அம்பத்தூர், பாடி வட்டாரங்களில் பெண் கொடுக்கும் வீட்டாருக்கும் பொருள் விளங்கும் தகுதியானது.

ஃபிட்டர் பிரிவின் முதல் மாதங்கள் அந்தப் பயிற்சியின் சாரத்தைக் காட்டும். மாணவனிடம் ஒரு இரும்புத் துண்டும் அரமும் தரப்படும். வைஸில் துண்டைப் பிடித்து, காலை அகட்டி நின்று, நாள் முழுக்க ராவவேண்டும். ராவிய முகத்தின் மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், இடையில் ஒளி கசியும் இடம் இன்னும் மேடு பள்ளம் என்று சொல்லிவிடும். பிறகு இரண்டு துண்டுகளை ஆண், பெண் என ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி ராவும் வேலை. நீலச் சாயத்தைத் தடவிப் பொருத்திக் கழற்றினால், சாயம் ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மயிரிழைக்கும் குறைந்த வித்தியாசத்தை விரல் உணரத் தொடங்குவது இந்த அலுப்பான வாரங்களில்தான். நாயுடுவின் வாதத்தை எவ்வளவு மதித்தாலும் இந்த இடத்தைச் சுருக்க முடியாது.

அடுத்த பெரிய மாற்றம் இயந்திரத்தால் வந்ததல்ல. ஜப்பானியத் தரமுறையால் வந்தது. அதில், பிழையை ஆய்வாளர் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், இயக்குபவரே வரைபடத்தில் குறித்து, காரணம் தேடி, குழுவாகப் பேசித் தீர்க்க வேண்டும். தொழிலாளிக்குக் கணக்கும் பேச்சும் பயிற்சியின் பகுதியாயின. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது, டி.வி.எஸ். மோட்டார் 2002இல் பெற்றது. தமிழகத் தொழிலாளர் கற்றதற்கு உலக அளவில் கிடைத்த மதிப்பு அது.

அதே 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. மறைமலை நகரில் ஃபோர்டும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசானும் உற்பத்திக்கு வந்தன. நகரும் வரிசையில் ஒருவருக்குச் சில நிமிடங்களுக்குள் முடியும் வேலை மட்டுமே தரப்படுகிறது. அதற்கான பயிற்சி ‘டோஜோ’ என்னும் கூடத்தில் நடக்கிறது: கிண்ணத்திலிருந்து பார்க்காமலே சரியான எண்ணிக்கையில் போல்ட் எடுப்பது, டார்க் ரெஞ்சின் ‘க்ளிக்’ ஓசை கேட்டதும் கையை நிறுத்துவது. சில நாட்களில் வரிசைக்கு ஆள் தயார். ஆனால் அந்தத் திறன் அந்த வரிசையோடு முடிகிறது. பயிற்சியாளர் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் முழு உற்பத்தி வேலை வாங்கி, உதவித்தொகை மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கமும் இக்காலத்தில்தான் பெருகியது. 2019இல் பழகுநர் வரம்பு தொழிலாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் என விரிந்தது. எண்ணிக்கை கூடியதற்கு ஏற்பக் கற்பித்தலும் கூடினால்தான் அது பயிற்சி. இல்லாவிட்டால் மலிவான கூலிதான். 2022இல் மறைமலை நகர் ஆலை நின்றபோது, ஒரே வகை வேலையில் ஆண்டுகள் கழித்தவர்களை வேறு வேலைக்குத் தயார்ப்படுத்தும் ஏற்பாடு எவ்வளவு மெலிந்தது என்பதும் தெரிந்தது.

அரசு இப்போது மறுபடி ஐ.டி.ஐ.க்குத் திரும்பியிருக்கிறது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ரோபோ, கணினி வழி இயங்கும் கடைசல் எந்திரம், மின்வாகனம் ஆகியவற்றுக்கான கூடங்கள் அமைக்கும் திட்டம் வந்தது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவரையும் திறன் பயிற்சிக்குள் இழுத்தது. மின்வாகன மெக்கானிக் தனித் தொழிற்பிரிவாகியுள்ளது. உயர் மின்னழுத்த பேட்டரியைத் தொடும் முன் இணைப்பைத் துண்டித்து, ரப்பர் கையுறை அணிந்து, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்வது அதில் முதல் பாடம்.

லவ்டேல் இருக்கும் நீலகிரியில் கார் ஆலை கிடையாது. அருவங்காட்டு வெடிமருந்து ஆலையும், கேத்தி அருகே 1949இல் வந்த ஊசித் தொழிற்சாலையும் மலை மக்களுக்கு நுணுக்கமான ஆலை வேலையைப் பழக்கின. இன்று குன்னூரிலும் கூடலூரிலும் ஐ.டி.ஐ. முடிக்கும் இளைஞர் மோட்டார் தொழிலுக்குப் போக விரும்பினால், கோயம்புத்தூரின் வார்ப்பட ஆலைகளுக்கோ ஒரகடத்துக்கோ மலையிறங்க வேண்டும். அவர் கையோடு கொண்டுபோவது முதல் ஆண்டில் அரத்தால் ராவிய அந்தப் பழக்கம்; போன இடத்தில் அதனுடன் சேர்வது ஆலை தரும் சில நாள் டோஜோ பயிற்சிதான்.