பன்றிகளின் மல்பெரி இதய நோய்

செலினியமும் வைட்டமின் ஈ-யும் குறைந்த தீனியால் வளரும் பன்றிகளுக்கு வரும் கொடிய நோய் இது. நோஞ்சான் குட்டிகளைவிட, பால்குடி மறந்து கொழுகொழுவென வளரும் குட்டிகளையே பெரிதும் தாக்கும். மாலையில் நன்றாகத் தின்ற குட்டி விடிந்ததும் கொட்டிலில் செத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் இதய உறைக்குள் வைக்கோல் நிற நீர் தேங்கி, அதில் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் மிதக்கும். இதயத்தின் மேல் இரத்தக்கசிவு திட்டுத்திட்டாகப் படர்ந்து மல்பெரிப் பழம்போல் இருக்கும். நோயின் பெயர் அதனால் வந்தது.

செலினியத்தை 1817-இல் சுவீடனின் பெர்சீலியஸ் கண்டறிந்தார். கால்நடை வளர்ப்போர் அதை முதலில் நஞ்சாகவே அறிந்தனர். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் அது மிகுந்த மண்ணில் விளைந்ததைத் தின்ற மாடுகள் முடி உதிர்ந்து, குளம்பு கழன்று அவதிப்பட்டன. காரணம் 1930-களில் தெரிந்தது. அந்தக் கெட்ட பெயர் எளிதில் போகவில்லை. 1957-இல் கிளவுஸ் ஷ்வார்ட்ஸும் ஃபோல்ட்ஸும் எலிகளின் ஈரல் அழிவைச் செலினியம் தடுப்பதை நிறுவினர். பன்றிகளின் ஈரல் சிதைவையும் அது தடுப்பது அதே ஆண்டில் வெளிவந்தது. ஆனால் புற்றுநோய் வருமோ என்ற ஐயத்தால், பன்றித் தீனியில் சேர்க்க அமெரிக்க அரசு 1974-இல்தான் அனுமதித்தது. பதினேழு ஆண்டுகள், நியாயப்படுத்த முடியாத தாமதம்.

இடைப்பட்ட காலத்தில் வளர்ப்பு முறையே மாறிவிட்டது. பசும்புல் மேய்ந்து மண்ணைக் கிளறித் திரிந்த பன்றிகள் சிமெண்டுத் தரையில் அடைபட்டன. மிச்சிகன் போன்ற இடங்களின் செலினியம் குறைந்த மண்ணில் விளைந்த மக்காச்சோளமும் சோயாவுமே அவற்றின் தீனியாயின. ஆகவே பழியை மண்மீது மட்டும் போடுவது சரியல்ல.

குளூட்டாதையோன் பெராக்சிடேஸ் என்னும் நொதியில் செலினியம் அடங்கியிருப்பதை 1973-இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் காட்டினர். உயிரணுக்களில் உண்டாகும் பெராக்சைடுகளை இந்த நொதி அழிக்கிறது. வைட்டமின் ஈ உயிரணுச் சவ்வைக் காக்கிறது. இரண்டும் குறைந்தால் இதயத் தசையும் நுண்குழாய்களும் சிதைகின்றன. மண்ணில் செலினியம் குறைந்த சீன மாவட்டங்களில் குழந்தைகளையும் இளம்பெண்களையும் கொன்ற கேஷான் இதய நோயோடும் இக்குறைக்குத் தொடர்புண்டு. இக்குறையைப் போக்கப் பின்லாந்து 1980-களில் உரத்திலேயே செலினியம் கலக்கத் தொடங்கியது.

அமெரிக்காவில் பன்றித் தீனியில் சேர்க்கும் உச்ச அளவு இன்று கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். மிகுந்தால் தண்டுவடம் கெட்டுக் கால்கள் செயலிழக்கும். செலினியம் போதிய அளவு இருந்தும் சில குட்டிகள் இந்நோயால் இறக்கின்றன. ஈரத்தோடு சேமித்த தானியத்தில் வைட்டமின் ஈ அழிந்துவிடுவதால், அதையும் தனியே சேர்த்தாக வேண்டும்.