பரங்கிமலை

சென்னையின் மேற்கு மாம்பலத்துக்குத் தென்மேற்கே, அடையாற்றுக்கு அப்பால் நிற்கும் பாறைக்குன்று. உயரம் ஏறத்தாழ 300 அடிதான். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, கிண்டி, அடுத்தது பரங்கிமலை. ஒரு பெருமழைக்கே தெருவெல்லாம் குளமாகும் மாம்பலத்துச் சமதரையில் பழகியவர்களுக்கு இதுவே மலை.

பல்லாவரம், திரிசூலம் கரடுகளைப் போலவே இதுவும் சார்னோகைட் என்னும் கருநீலக் கல்லால் ஆனது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில், ஈரப்பசையே இல்லாத சூழலில் உருவான பாறை. மேலிருந்ததெல்லாம் அரித்துப்போன பிறகே வெளியே தெரிந்தது. பரங்கிமலையில் விரிசல் இருந்தாலொழிய ஒரு சொட்டு மழைநீரும் உள்ளே இறங்காது.

பல்லாவரத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இந்தக் கல்லைக் குடைந்து கோயில் எடுத்தது ஏழாம் நூற்றாண்டில். ஆனால் கல்லுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1893இல், அதுவும் கல்கத்தாவிலிருந்து. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கற்பலகை இதே பாறை என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, சார்னாக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். பல்லவனுக்கு இதில் பங்கில்லை.

இயேசுவின் சீடரான புனித தோமையார் இந்தக் குன்றில்தான் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. போர்த்துகீசியர் 1523இல் உச்சியில் கோயில் கட்டினர்; 1547இல் பகலவி என்னும் பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. ஏறிச்செல்லும் படிகள் ஆர்மேனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கானின் கொடை. அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவரும் அவரே. மாம்பலத்தின் பெயரைத் திரித்து ஆங்கிலேயர் அதை மர்மலாங் பாலம் என்றனர். இன்று அவ்விடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம்.

குன்றின் பெரும்புகழ் நில அளவையால் வந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இதன் அடிவாரத்தில் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியை நானூறு தடவை போட்டு ஏழரை மைல் அளக்கப் பல வாரம் ஆகிவிட்டது. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பத்தையும் கூடவே குறித்துக்கொண்டார்கள். இங்கே தொடங்கிய முக்கோண அளவைதான் வடக்கே வளர்ந்து, 1856இல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தது.