வெள்ளிப் பணமும் ஸ்ரான்லி கிண்ணமும்: றென்பிறூ கழகத்தின் 1910ஆம் ஆண்டுப் பருவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சிற்றூரான றென்பிறூவின் ஐஸ் ஹொக்கிக் கழகத்தைப் பெருநகரக் கழகங்கள் தம் சங்கத்திற் சேர்க்க மறுத்தன. 1909 டிசெம்பரில் தேசிய ஹொக்கிச் சங்கம் தோன்றியமைக்கு இம்மறுப்பும் ஒரு காரணமாகும். கோபால்ற் வெள்ளிச் சுரங்கங்களாற் செல்வரான எம். ஜே. ஓபிறையன் குடும்பத்தினர் புகழ்பெற்ற வீரர்களைப் பெரும் ஊதியத்துக்கு அமர்த்தினர். 12 ஆட்டங்கள் கொண்ட பருவத்துக்கு 'சைக்கிளோன்' ரெயிலருக்கு வழங்கப்பட்டது 5,250 டொலர்! பற்றிக் சகோதரர் இருவரும் உடனாடினர். எனினும் கழகம் மூன்றாம் இடத்தையே எய்தியது. கிண்ணம் மொன்றியல் வொண்டரர்ஸ் கழகத்துக்குச் சென்றது.

இதனைச் செல்வரின் வீண்பெருமை எனத் தள்ளுவது பொருந்தாது. அவர்தம் பணத்திலேயே மொன்றியல் கனேடியன்ஸ் கழகமும் உருவாயிற்று. பருவத்தின் இடையில் அக்கழகத்தின் லலோண்ட் றென்பிறூவுக்கு மாற்றப்பட்டமை இவ்வுறவின் மறுபக்கம் எனலாம். 1911இல் றென்பிறூ போட்டியினின்றும் விலகியது. கனேடியன்ஸ் இன்றும் ஆடிவருகின்றது.