மன்னார் உடக்குப் பாஸ்: ஏட்டில் அடங்காத நாடக வரலாறு

ஈழத்து நாடக வரலாறு பெரிதும் ஏட்டுச்சுவடிகளைத் துணைக்கொண்டே எழுதப்பட்டுள்ளது. மன்னார்ப் பகுதியின் மூவிராசாக்கள் நாடகம், என்றிக் எம்பரதோர் நாடகம் முதலியன 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பதிப்புகளால் நிலைபேறு பெற்றன. ஆயின் நாடகம் பாட்டினால் மட்டும் அமைவதன்று. அரங்கிற்கெனக் கைகளாற் செய்யப்பட்ட பொருள்களும் அதன் உறுப்புகளே. இவ்வுண்மையை உணர்த்துவது உடக்குப் பாஸ்.

ஓலைத்தொடுவாய், பேசாலை முதலிய ஊர்களைக் கொண்டது மன்னார்த் தீவின் வடகரை. இவற்றுள் பேசாலை உடக்குப் பாசுக்குப் பெயர்பெற்றது. கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் நாடகமே பாஸ். உடக்கு என்பது அதில் இயக்கப்படும் பாவை.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த காலத்தில், 1687இல் யோசேவாஸ் அடிகளும் 1705இல் சாங்கோபாங்கர் எனப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் ஈழம் வந்து பணியாற்றினர். பின்னவரின் வியாகுலப் பிரசங்கம் பாடுகளின் துயரைச் செவிப்புலனாக்கியது. உடக்கு அதனைக் கட்புலனாக்கியது. நீர்கொழும்பையடுத்த தூவாவிலும் பாஸ்கு நாடகத்திற் சுரூபங்கள் பயன்பட்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

கூத்தாட வல்லார் நிறைந்த பகுதியிற் பாவை எதற்கு? இயேசுவின் திருவுருவைத் தாங்க மனித உடல் தகுமோ என்னும் அச்சமே அதற்கு ஏதுவாகலாம். நாணால் இயங்கும் மரப்பாவையை உயிரற்ற போலிமைக்கு உவமையாக்கினார் திருவள்ளுவர். பாசில் அந்நிலை மாறுகின்றது. இயக்குவோன் தன்னை மறைத்துக்கொள்ள, பாவையே பக்திக்குரியதாகின்றது. அதன் தலை சாயுங்கால் அவையோர் அழுவது மரத்துக்காக அன்று.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் இக்கரை மக்களைப் பன்முறை இடம்பெயர்த்தது. பாட்டை நெஞ்சிற் சுமந்து செல்லலாம். பாவையைச் சுமந்து செல்லல் எளிதன்று. பாவை அழியின் அதன் மூட்டமைப்பும் இயக்கும் முறையும் செய்வோரின் கைந்நுட்பமும் உடன் அழியும். ஆதலின் பாடத்தைப் பதிப்பிக்கும் அதே கவனத்துடன் உடக்குகளை அளந்து, வரைந்து, அவற்றைச் செய்தோரின் வாய்மொழியையும் பதிவுசெய்தல் வேண்டும். அதுவும் பதிப்புப் பணியேயாம்.