‘ஷெட்யூல்’ என்னும் துண்டுச்சீட்டு

எஸ்.சி. என்று தினமும் சொல்கிறோம். அதில் ‘சி’ என்னும் சாதியைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ‘எஸ்’ என்னும் ‘ஷெட்யூல்டு’ எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்தில் பிளந்தெடுத்த சிம்பைக் குறிக்கும் சொல்தான் இதன் வேர். அது லத்தீனுக்குப் போய் ‘ஷெடா’ என்றானது, பாப்பிரஸ் தாளைக் குறித்தது. அதன் சிறிய வடிவமான ‘ஷெடுலா’ என்றால் துண்டுச்சீட்டு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஓர் ஆவணத்தோடு சேர்த்து இணைக்கும் தாளுக்குப் பெயரானது. பிறகு சட்டத்தின் பின்னிணைப்பும் ‘ஷெட்யூல்’ ஆனது.

அதுவரை ‘ஒடுக்கப்பட்ட வகுப்பார்’ என்று அரசு குறிப்பிட்டுவந்த மக்களை 1935 இந்திய அரசுச் சட்டம் ‘ஷெட்யூல்டு காஸ்ட்’ என்றது. 1936இல் சாதிகளின் பெயர்ப் பட்டியல் வந்தது. பழைய பெயரில் ஒடுக்குமுறை தெரிந்தது. புதிய பெயரில் தெரிவது ஒரு தாள் மட்டுமே. ஆனால் இடஒதுக்கீட்டைக் கேட்டுப் பெறும் சட்ட உரிமை அந்தத் தாளில்தான் இருக்கிறது.

அரசியலமைப்பின் 341ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பட்டியலை அறிவிப்பவர் குடியரசுத் தலைவர். முதல் ஆணை 1950இல் வந்தது. அதன்பின் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். ஏழு பிரிவுகளை ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற ஒரே பெயரில் கொண்டுவர 2021இல் நாடாளுமன்றச் சட்டமே தேவைப்பட்டது.

மாநிலத்துக்கு ஒரு பட்டியல் என்பதன் பொருள் பள்ளிப்பட்டு போன்ற எல்லை ஊரில் நன்றாகப் புரியும். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு போன பகுதி இது. 1960இல் திருத்தணியோடு தமிழகத்துக்குத் திரும்பியது. இன்றும் எல்லைக்கு அப்பால் நகரியில் பெண் எடுக்கிறோம், கொடுக்கிறோம். ஆனால் அங்கே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண், தமிழக அரசுப் பணியில் பட்டியல் சாதி ஒதுக்கீடு கேட்க முடியாது. ஒரு மாநிலத்தின் பட்டியல் தகுதியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய பிறந்த மாநிலச் சான்றிதழ் மத்திய அரசுப் பணிகளுக்குச் செல்லும்.

தீண்டாமை எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. பாதுகாப்பு மட்டும் அங்கே நின்றுவிடுகிறது. இதை மாற்றும் அதிகாரம் தாலுகா அலுவலகத்துக்கும் இல்லை, கோட்டைக்கும் இல்லை. நம் கோரிக்கை மனு போகவேண்டிய இடம் நாடாளுமன்றம்.

ஜெய்பீம்!